தண்ணீர் சோதனை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேரைத் திட்டித்தான் அனுப்பியிருக்கிறேன். ஆனால் பழுது தீராமல் ஒருவரையும் அனுப்பியதில்லை. இணையத்தில் 'கைப்பிடி' தளத்திலும் நான் அப்படித்தான் இருந்தேன்.

கைப்பிடி என்பது ஒன்றும் தெரியாதவர்கள் கேள்வி கேட்கும் இடம். அரசு அலுவலகக் கவுண்டர்களை எல்லாம் இழுத்து மூடி, பிறப்புச் சான்றிதழ் முதல் இறப்புச் சான்றிதழ் வரை எல்லாம் திரையில்தான் என்று ஆக்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் உதவிக்கு இயந்திரங்களை வைத்தார்கள். அவை உலகத்திலேயே இல்லாத விண்ணப்பங்களை நிரப்பச் சொல்லி ஊரையே அலைக்கழித்தபின், பொதுமக்கள் கேட்டால் மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த மனிதர்கள்தான் நாங்கள், தன்னார்வலர்கள். நான் மட்டும் பதினோராயிரம் பதில் எழுதியிருக்கிறேன்.

எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். "முதலில் வயர் மாட்டியிருக்கிறதா என்று பாருமய்யா." "போட்டோவில் உங்கள் கட்டைவிரல்தான் தெரிகிறது, அதற்கு வைத்தியம் பார்க்க நான் டாக்டர் இல்லை." இந்த ரகம். என்னைப் போல நிறையப் பேர். ஒரு தடவை திட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் அடுத்த கேள்வி கேட்க வருவதே இல்லை என்று நிர்வாகம் கணக்கெடுத்துச் சொன்னது. அது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் விஷம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எல்லோருக்கும் அறிவிப்பு வந்தது. இனிமேல் கேள்வி கேட்பவர்களில் பத்தில் ஒருவர் மனிதர் இல்லை, இயந்திரம். கம்ப்யூட்டர் தெரியாதவரைப் போலவே பேசப் பழக்கப்பட்டது. நீங்கள் எவ்வளவு அன்பாகப் பேசுகிறீர்கள் என்று பார்த்து, நிஜ ஆட்களைப் போலவே அதுவும் உங்களுக்கு நட்சத்திர மார்க் போடும். நான்கு நட்சத்திரத்துக்குக் கீழே போனால் பதில் எழுதும் உரிமை போய்விடும்.

மறுநாளே தளத்தில் தேன் ஒழுகியது. காலம் காலமாகக் கடித்துக் குதறியவர்கள் எல்லாம் 'சகோதரி', 'ஐயா' என்று உருகினார்கள். நானும்தான். வேறென்ன செய்ய? அந்தத் தளத்தை விட்டால் எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. ஆனால் வாய் இனித்ததே தவிர, மனசு கோணலாகிவிட்டது. எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் மோப்பம்தான். இது ஆளா, பொம்மையா? பொம்மை என்றுதான் அந்த இயந்திரங்களுக்கு எங்களுக்குள் பெயர் வைத்திருந்தோம்.

கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் ஆசிரியையாக இருக்கும் ஹமீதா பானுவும் எங்களில் ஒருத்தி. ஒரு நாள் உற்சாகமாக போன் செய்தாள்.

"அண்ணா, பொம்மையைப் புடிக்க ஒரு வழி கண்டுபுடிச்சிட்டேன். தண்ணீர் சோதனைன்னு பேரு வச்சிருக்கேன்."

"தண்ணி ஊத்திப் பாக்கணுமோ?"

"கிண்டல் பண்ணாதீங்க. கேள்வி வந்ததும், 'எழுந்து போயி ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு, சரியா பத்து நிமிஷம் கழிச்சு வாங்க'ன்னு அன்பா சொல்லணும். நிஜ ஆளுன்னா ரெண்டே ரகம். 'அவசரமா கேக்குறேன், தண்ணி எதுக்குய்யா'ன்னு சண்டைக்கு வருவாங்க. இல்லாட்டி, போனவங்க போனவங்கதான். பால் பொங்குது, பக்கத்து வீட்டுல கூப்புட்டாங்கன்னு ஒரு மணி நேரம் கழிச்சு வருவாங்க. சொன்ன மாதிரி பத்தாவது நிமிஷம் கரெக்டா வந்து நின்னா, அது பொம்மை."

"பொம்மைன்னு தெரிஞ்சா?"

"பாகு காய்ச்சி ஊத்த வேண்டியதுதான். அதுக்கு எதுக்கு நம்ம மூளையைச் செலவழிக்கணும்? மார்க்கு பதிலுக்கு இல்லையே, பேச்சுக்குத்தானே."

ஒரே மாதத்தில் மூத்த தன்னார்வலர்கள் எல்லோரிடமும் இந்தப் பழக்கம் பரவிவிட்டது. ஆளுக்குப் பதில், பொம்மைக்குப் பாகு. பாகு வாக்கியங்களை நான் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்றே முக்காலுக்கு அந்தக் கேள்வி வந்தது.

'வணக்கம் சார். என் பெயர் பாக்கியசீலி. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் தம்பி ஜெபமணிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை "இன்னும் காத்திருக்கிறேன்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. பொத்தானையே காணவில்லை சார். படம் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து உதவுங்கள்.'

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமான ஆள் இப்படியா எழுதும்? 'சார் நெட் வேலை செய்யல', 'நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா போயிருச்சு', இப்படித்தான் வரும். படம் என்றால் ஃபேன் நிழல் விழுந்த, கோணலான போட்டோ வரும். இதுவோ கணக்காக எடுத்த ஸ்கிரீன்ஷாட். பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் பளிச்சென்று இருந்தது. போதாததற்கு நோயாளித் தம்பி, ஐந்து மணிக் கெடு. என் பொறுமையைச் சோதிக்க யாரோ உட்கார்ந்து சமைத்த மாதிரி இருந்தது.

பழுது என்னவென்று படத்தைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாள். பக்கத்தின் வலது பாதி திரைக்கு வெளியே போய்விட்டது, பொத்தானும் அதோடு போயிருக்கிறது. கன்ட்ரோலையும் மைனஸையும் சேர்த்து நாலு தடவை அழுத்தினால் வந்துவிடும். சொல்ல பத்து விநாடி ஆகும்.

நான் அதைச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, சரியாகப் பத்து நிமிடம் கழித்து வரச் சொன்னேன். மணி மூன்று நாற்பத்தாறு.

மூன்று ஐம்பத்தாறுக்கு வந்து நின்றாள். 'குடித்துவிட்டேன் சார். இப்போது என்ன செய்ய வேண்டும்?'

கடையில் தனியாக இருந்தவன் கைதட்டிச் சிரித்தேன். மாட்டிக்கொண்டாயா!

அப்புறம் பாகுதான். 'உங்கள் பொறுமைக்கு நன்றி, சகோதரி.' 'புதியவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.' 'உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம். எங்கள் தன்னார்வலர்கள் ஒருபோதும் உங்களைத் தொலைபேசியில் அழைக்க மாட்டார்கள்.' ஒவ்வொன்றாக ஒட்டினேன். இடையில் ஒரு பிரிண்டரின் ரோலரைக் கழற்றித் துடைத்தேன், டீ வாங்கிக் குடித்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிவிட்டு, மறுபடியும் பொத்தானைப் பற்றிக் கேட்டாள்.

நாலு நாற்பத்தெட்டுக்கு எழுதினாள். 'சார், பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கிறது. நான்கு வருடமாகக் காத்திருந்து இப்போதுதான் ஏழாவது இடத்துக்கு வந்திருக்கிறான்.'

'உங்கள் பதற்றம் புரிகிறது, சகோதரி. நாங்கள் உங்களோடு இருக்கிறோம்.' இதை ஒட்டியது நான்தான். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஐந்து மணி மூன்று நிமிடத்துக்குக் கடைசியாக வந்தது. 'நேரம் முடிந்துவிட்டது என்று வருகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள் சார். என்னிடம் இவ்வளவு அன்பாக யாரும் பேசியதில்லை. மிக்க நன்றி.' ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். நட்சத்திரம் போட்டால் கேள்விப் பக்கம் பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் அதில் யாரும் எழுத முடியாது.

ஹமீதாவைக் கூப்பிட்டு, "இன்னைக்கு வந்த பொம்மை நல்லா அழுவுது தெரியுமா" என்று சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து தளத்தின் நிர்வாகி நிரஞ்சனா பேசினாள்.

"வேலாயுதம் சார், வாழ்த்துகள்! இந்த மாசம் நீங்கதான் முதலிடம். நேத்து ஒரு அம்மா உங்களைப் பத்தி அவ்வளவு உருக்கமா எழுதியிருக்காங்க. அடுத்த கூட்டத்துல புதுசா வர்றவங்களுக்கு நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

"பொம்மை குடுத்த ஸ்டாருக்கா பேசச் சொல்லுதீங்க? நேத்து வந்தது ஒங்க மிஷின்னு எனக்குத் தெரியாதா?"

"எந்த மிஷின்?"

"அதாம்மா, பத்துல ஒண்ணு."

அவள் சிரித்தாள். "சார், நீங்க சீனியர், அதனால சொல்றேன். வெளிய விட்றாதீங்க. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. செய்யணும்னு ஆரம்பிச்சோம், சரியா வரல. சரி, அறிவிப்பை மட்டும் குடுத்துப் பாப்போம்னு குடுத்தோம். மறுநாளே எல்லாரும் மாறிட்டீங்க. அப்புறம் எதுக்கு மெனக்கெடணும்?"

"அப்போ, பத்துல ஒருத்தர்..."

"பத்துல பத்தும் மனுஷங்கதான் சார்."

போனை வைத்தேன். சரியாகப் பத்தாவது நிமிடம் வந்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்கள் எல்லோரும் சொன்ன சொல்லைக் கேட்கிற சாதாரண மனிதர்கள். நாம் சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பிப் போய்த் தண்ணீர் குடித்தவர்கள். ஒன்றரை வருடமாக நான் பதில் சொன்னதெல்லாம் சண்டைக்காரர்களுக்கும் நேரம் தவறியவர்களுக்கும்தான்.

பதிவேட்டின் விதிகளைத் தேடிப் படித்தேன். கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு நாள் அவகாசம் உண்டு. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அதே பக்கத்தில் 'மீட்டெடு' என்ற பொத்தானை அழுத்தினால் பழைய இடம் திரும்பக் கிடைக்கும். அதையும் தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கடைசி என்றால் மூவாயிரத்துச் சொச்சம். அந்தப் பொத்தானும் அதே வலது ஓரத்தில்தான் இருந்தது.

ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த நம்பருக்கு போன் போட்டேன். நேற்றுவரை அது கற்பனை நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"பாக்கியசீலியா? நான் கைப்பிடி வேலாயுதம் பேசுதேன். ஒடனே கம்ப்யூட்டரைத் தொற. நேரம் இல்ல."

"யாரு?"

"வேலாயுதம்மா! நேத்து பேசுனம்லா. எழுத்தை இம்புட்டு பெருசாவா ஆக்கி வைப்ப? பாதிப் பக்கம் வெளிய கெடக்கு. மொதல்ல அதைச் சின்னதாக்கு."

"நீங்க வேலாயுதம் சார் இல்ல."

"பின்ன யாரு, அவன் தம்பியா? சொல்லுதத கேளு."

"அவிய எப்படிப் பேசுவாவன்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை அதட்ட மாட்டாவ. போன்ல யாரும் கூப்பிட மாட்டோம்னு அவியளே எழுதிருக்காவ. ஏமாத்துறதுக்கு வேற ஆளைப் பாரு."

நான் குரலை மாற்றினேன். "சகோதரி, உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது..."

"இப்ப எதுக்குத் திடீர்னு கொழையுத?" என்று கேட்டு வைத்துவிட்டாள். மறுபடி போட்டபோது மணியே போகவில்லை.

தளத்தைத் திறந்தால் அதற்குள் புதிய கேள்வி போட்டிருந்தாள். 'வேலாயுதம் சார் பெயரைச் சொல்லி ஒருவன் போன் செய்து மிரட்டுகிறான். என்ன செய்வது?' நான் விழுந்தடித்துக்கொண்டு முதல் ஆளாக எழுதினேன். 'அது நான்தான். கன்ட்ரோல், மைனஸ் இரண்டையும் சேர்த்து அழுத்து. மீட்டெடு பொத்தான் வரும். ஐந்து மணிக்குள் செய். தயங்காதே.'

ஒரு நிமிடத்தில் அவள் பதில் வந்தது. 'இது சாருடைய எழுத்து இல்லை. அவர் "சகோதரி" என்றுதான் எழுதுவார். அந்தத் திருடன் அவர் கணக்கையும் பிடித்துவிட்டான் போலிருக்கிறது.' அதன் கீழே தன்னார்வலர்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். 'மிகச் சரியாகச் செய்தீர்கள், சகோதரி.' 'உங்கள் விழிப்புணர்வுக்குப் பாராட்டுகள்.' அவர்களில் ஹமீதாவும் இருந்தாள். என் பாதுகாப்புக்காக என் கணக்கு பூட்டப்பட்டுள்ளது என்று எனக்கே அறிவிப்பு வந்தது. பாக்கியசீலி அந்தப் பக்கத்துக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டாள், அதுவும் மூடிக்கொண்டது.

நிரஞ்சனா ஏதோ கூட்டத்தில் இருந்தாள், எடுக்கவில்லை. ஹமீதாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நிர்வாகம் மூலமாகவாவது பாக்கியசீலிக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இது நிஜமாவே நீங்கதானா?"

"என் குரல் தெரியலையா ஒனக்கு?"

"குரலையெல்லாம் இப்ப எவன் வேணும்னாலும் செஞ்சிர்றான். சரி, நீங்கன்னே வச்சுக்குவோம். பொம்மையே கிடையாதுன்னு நிரஞ்சனா சொன்னாங்கன்னு சொல்றீங்க. அப்படிச் சொன்னா நாம என்ன பண்றோம்னு பாக்குறதுக்கு, அதுவே ஒரு சோதனையா இருந்தா?"

அவளைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. நேற்று அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன்.

மணி இரண்டு ஐம்பது. கடையைப் பூட்டிவிட்டு பைக்கை எடுத்தேன். விலாசம்தான் படத்தில் இருக்கிறதே.

வழியில் ரோடு போடுகிறார்கள் என்று சுற்றிவிட்டு, ஊரைக் கண்டுபிடித்து, தெருவைக் கண்டுபிடித்தபோது நாலரை ஆகிவிட்டது. முன்பக்கம் கிரில் போட்ட சின்ன ஓட்டு வீடு. கிரிலைத் தட்டினேன். தடித்த கண்ணாடி போட்ட, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் வந்தாள்.

"யாரு வேணும்?"

"வேலாயுதம்மா. கைப்பிடி."

இரண்டடி பின்னால் போனாள். "ஜெபமணி! அந்த ஏமாத்துக்காரன் வீட்டுக்கே வந்துட்டான்ல!"

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முகம் ஊதியிருந்தது, இடது கையில் கட்டு. நேற்று நான் கற்பனை என்று நினைத்த தம்பி. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என் பைக்கின் சாவியை உருவிக்கொண்டார்.

"தொறக்க வேண்டாம்மா," என்றேன். "ஒங்க நம்பர், ஆதார், ஒண்ணும் எனக்கு வேண்டாம். நான் தெருவுல நின்னே சொல்லுதேன். கன்ட்ரோல்னு எழுதியிருக்குத பட்டனையும் மைனஸ் பட்டனையும் சேத்து அமுக்கு. அம்புட்டுதான். அப்புறம் என்னைப் போலீஸ்லகூடக் குடுத்துக்கோ."

"அமுக்குனா கம்ப்யூட்டர் ஒன் கைக்குப் போயிரும். எனக்குத் தெரியாதாக்கும்?"

சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. நான் கிரிலைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி அதையே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

நாற்காலியில் இருந்தவன்தான் பேசினான். "எக்கா, அவரு என்ன கேக்காரு? ரெண்டு பட்டனை அமுக்கச் சொல்லுதாரு. அமுக்கித்தான் பாரேன். இனி நம்மகிட்ட போறதுக்கு என்ன இருக்கு?"

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து பழைய லேப்டாப்பை விரித்தாள். பக்கத்தில் ஒரு நோட்டு. எந்தப் பொத்தானை அழுத்தினால் திரையைப் படம் எடுக்கலாம் என்று அதில் படம் வரைந்து எழுதிவைத்திருந்தது கிரில் வழியாகவே எனக்குத் தெரிந்தது. என்னைச் சந்தேகப்பட வைத்த ஸ்கிரீன்ஷாட் அப்படி வந்ததுதான்.

"எழுத்து சின்னதாவுது."

"இன்னொரு தடவை."

"ஆச்சு."

"இன்னும் ரெண்டு."

"வலது பக்கம் பச்சையா என்னமோ வந்துருக்கு."

"அதான் தாயி. அமுக்கு."

அழுத்தினாள். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "உங்கள் பெயர் மீட்டெடுக்கப்பட்டது. உங்கள் இடம், ஏழு." திரும்பவும் படித்தாள். மூன்றாவது தடவை படிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தம்பி நாற்காலியிலிருந்து எட்டி அவள் தலையில் கை வைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் என் காலரை விட்டுவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

பெருமையாக இருந்தது. மறைப்பானேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியோடு வந்து கிரிலைத் திறந்தாள். கும்பிடப் போனவள், என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றாள்.

"நீங்க நெஜமாவே அவியதானா?"

"ஆமாம்மா."

"இந்த ரெண்டு பட்டன்தானா?"

"ஆமா."

திரும்பி லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இது நேத்தே உங்களுக்குத் தெரியுமா சார்?"

கோப்பில் இருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. "தெரியும்மா," என்றேன். "படத்தைப் பாத்த ஒடனேயே தெரியும்."

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் பொம்மை, சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருந்தது. அவள் கேட்கவில்லை. கிரிலை இழுத்துச் சாத்தினாள்.

"எக்கா," என்று தம்பி உள்ளிருந்து கூப்பிட்டான். "வெயில்ல இம்புட்டு தூரம் வந்துருக்காரு. உள்ள கூப்பிடலையா?"

"வேண்டாம்ல," என்றாள். "அவிய போவட்டும்."

அப்போதும் மரியாதையாகத்தான் சொன்னாள்.